சிறுபீளை கல்லைக் கரைக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. ஐந்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் மாத்திரை சாப்பிடுகிறார். சித்திரையில் ஒரு நாள் ராத்திரி இடது விலாவில் வலி வந்து துடித்துப்போனார். ஸ்கேனில் இடது கிட்னியின் அடிப்பகுதியில் 6 மி.மீ. கல் என்று வந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். மாமியார் தினமும் வெறும் வயிற்றில் வாழைத்தண்டு ஜூஸ் தருகிறார். பக்கத்து வீட்டு அக்கா ரணகள்ளி இலை கொடுத்தார். நானும் ராசப்ப செட்டித் தெருவில் சிறுபீளை, நெருஞ்சில், மாவிலங்கப்பட்டை கலந்த பொடி வாங்கிக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன். இப்போது வலி இல்லை. கல் கரைந்திருக்குமா? இதில் எந்தச் சத்து கல்லைக் கரைக்கிறது? ஆபரேஷன் இல்லாமல் முடியுமா?
– பெரம்பூர் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கல்லைவிட முதலில் என் கண்ணில் பட்டது அந்த டெல்மிசார்ட்டன் மாத்திரைதான். அது நல்ல மாத்திரை, சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பும் கூட. ஆனால் உடம்பிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவதை அது கொஞ்சம் குறைக்கும். வாழைத்தண்டுச் சாற்றில் பொட்டாசியம் ஏராளம். மூலிகைக் கஷாயங்களிலும் பொட்டாசியம் இறங்கும். சிறுநீரகம் முழு பலத்தோடு இருந்தால் அத்தனையையும் வெளியே தள்ளிவிடும். ஐந்து வருடச் சர்க்கரையில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் பல சமயம் முன்னறிவிப்பு எதுவும் இருக்காது, நேரே இதயத்துடிப்பைப் பாதிக்கலாம். அதனால் நாளைக்கே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் இரண்டும் பார்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை ஜூஸும் கஷாயமும் வேண்டாம். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

நான் சித்த மருத்துவன். இருபது வருடத்துக்கும் மேலாகக் கல்லடைப்புக்கு மருந்து கொடுத்துவருகிறேன். சிறுபீளை மேல் எனக்கு இருக்கிற மதிப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. எங்கள் ஈரோட்டுப் பக்கம் பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வாசலில் செருகிக் காப்புக் கட்டுவோமே பூளைப்பூ, அதுதான் சிறுபீளை. அந்தச் செடியின் மேல் உள்ள அக்கறையோடுதான் சொல்கிறேன்: உங்கள் கணவரின் கல், கால்சியமும் ஆக்சலேட் என்ற உப்பும் சேர்ந்து உண்டாகிற கால்சியம் ஆக்சலேட் கல்லாக இருந்தால், எந்தக் கஷாயமும் அதைக் கரைக்காது.

படிக்கிற காலத்தில் இதை நானே செய்து பார்த்தேன். ஒரு பெரியவர் சிறுநீரோடு வெளியே வந்த கல்லைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார். மிளகைவிடச் சின்னது, கருப்பட்டி நிறம், மேலெல்லாம் மொட்டு மொட்டாக முசுக்கொட்டைப் பழம் மாதிரி இருந்தது. அவரிடம் கேட்டு வாங்கி, சிறுபீளைக் குடிநீரில் (கஷாயத்தைத்தான் நாங்கள் குடிநீர் என்போம்) போட்டு வைத்தேன். தினமும் காலையில் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுக் குடிநீர் ஊற்றுவேன். ஒரு மாதம் கழித்து எடுத்துக் கழுவி, உலர்த்தி, எடை போட்டேன். கொண்டுவந்த அன்று இருந்த எடை அப்படியே இருந்தது. நேரே கஷாயத்தில் ஊறின கல்லே இப்படி என்றால், குடித்த கஷாயம் குடலில் ஏறி, கல்லீரலைத் தாண்டி, சிறுநீரில் துளித்துளியாக வந்து சேர்ந்து கல்லைக் கரைக்கும் என்று எப்படி நம்புவது?

அப்படியானால் ‘எனக்குக் கரைந்துவிட்டது’ என்று சொல்கிற அத்தனை பேரும் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. சிறுநீர்க் குழாயில் இறங்கிவிட்ட 5 மி.மீ.க்குள்ளான கல், 100 பேரில் சுமார் 68 பேருக்குத் தானாகவே வெளியே வந்துவிடும். 5 முதல் 10 மி.மீ. வரை என்றால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. அந்த நாட்களில் எதைக் குடித்துக்கொண்டிருந்தாரோ அதற்குப் பெயர் போய்விடும். அப்புறம், வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கிற சாதாரண ஸ்கேன் சின்னக் கல்லின் அளவைக் கூட்டிக் காட்டுவது உண்டு. முதல் ஸ்கேனில் 4 மி.மீ., அடுத்ததில் ஒன்றுமில்லை என்றால், முதலில் இருந்தது கல்தானா என்பதே சில சமயம் சந்தேகம்.

சரி, மூலிகையில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அது வேலை செய்கிற இடம் வேறு. சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் அதிகமாகிச் சேரும்போது முதலில் கண்ணுக்குத் தெரியாத துகள் உண்டாகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகின்றன. கொத்து சிறுநீரகத்தின் உள்சுவரில் பிடித்துக்கொண்டு வளர்கிறது. பிடித்து வளர்ந்த பிறகு செடிக்குப் பெரிய வேலை இல்லை. அதற்கு முந்தைய படிகளில் கை வைக்கக்கூடிய பொருள்கள் செடிகளில் இருப்பதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன.

இதில் நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையில் மாவிலங்கப்பட்டையை வைத்துப் பல வருடம் ஆராய்ந்தார்கள். எலிகளுக்குக் கிளைகாலிக் அமிலம் கொடுத்து ஆக்சலேட்டை ஏற்றிவிட்டு, பட்டைக் கஷாயத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் வெளியான முடிவுப்படி, சிறுநீரகத்தில் படிகிற கால்சியமும் ஆக்சலேட்டும் குறைந்தன. கல்லீரலில் ஆக்சலேட்டை உண்டாக்கும் பாதையில் இருக்கிற கிளைகாலேட் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேகமும் தணிந்தது. அந்தப் பட்டையில் உள்ள லூபியோல் என்ற பொருளைத் தனியாகப் பிரித்தும் பின்னால் சோதித்தார்கள். பிறவியிலேயே ஆக்சலேட் மிகையாகச் சுரக்கிற அரிய நோய் ஒன்று உண்டு. அதற்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லுமாசிரான் ஊசி குறிவைப்பதும் இதே நொதியைத்தான். நம் ஊர்ப் பட்டையில் தரமணிக்காரர்கள் பார்த்த இடம் சரியான இடம் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் அது எலி, சகோதரி. எலிக்குக் கொடுத்த கணக்கை அப்படியே மனிதனுக்குப் போட முடியாது.

நெருஞ்சில் சாறு கண்ணாடிக் குப்பியில் ஆக்சலேட் துகள் உண்டாவதைத் தடுப்பதையும், சிறுநீரகச் செல்களைக் காப்பதையும் பார்த்திருக்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறு எலியின் சிறுநீரில் ஆக்சலேட்டைக் குறைத்ததாக 1994-ல் ஒரு ஆய்வு வந்தது. இவையெல்லாம் குப்பியும் எலியும்தான்.

மனிதரிடம் ஓரளவு ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது கீழாநெல்லியின் உறவுக்காரச் செடி. பிரேசிலில் அதைக் ‘கல்லுடைப்பான்’ என்ற பொருள்படும் பெயரில் கூப்பிடுகிறார்கள். அங்கே 69 கல் நோயாளிகளுக்கு மூன்று மாதம் கொடுத்து 2004-ல் முடிவு வெளியிட்டார்கள். சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகிறவர்களுக்கு மட்டும் அது குறைந்தது. 2006-ல் வந்த இத்தாலிய ஆய்வு உங்கள் கணவரின் கதைக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. அதிர்வலையால் கல்லை உடைத்த 150 பேரில் ஒரு பாதிக்கு இந்தச் செடியின் சாரம் தினம் 2 கிராம் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் இரு பாதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கீழ்க்கிண்ணத்தில் கல் இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 94 பேருக்குத் துணுக்குகள் சுத்தமாகப் போயிருந்தன. எடுக்காதவர்களில் 71 பேருக்கு. ஸ்கேனில் ‘கிட்னியின் அடிப்பகுதி’ என்று எழுதியிருப்பது இந்தக் கீழ்க்கிண்ணத்தைத்தான். கிணற்றின் அடியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி, அங்கே கிடக்கிற கல் மேலே ஏறி வருவது கஷ்டம். ஆனால் கவனியுங்கள்: அங்கே கல்லை உடைத்தது அதிர்வலை. உடைந்த தூளை வெளியேற்றுவதில் செடி துணைக்குப் போனது. செடியும் நம் கீழாநெல்லி இல்லை, அதன் பங்காளி. நம் கடைகளில் இரண்டு பெயரையும் ஒன்றாகக் குழப்பித்தான் விற்கிறார்கள்.

இனி, எனக்கு நிஜமாகவே நம்பிக்கை தருகிற விஷயம். கரைகிற கல்லும் இருக்கிறது. யூரிக் அமிலக் கல் என்று பெயர். சிறுநீர் புளிப்பாகவே இருப்பவர்களுக்கு அது உண்டாகும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீர் அப்படி இருப்பது சகஜம், அதனால் இந்தக் கல்லும் அவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. சிட்ரேட் மாதிரியான மருந்து கொடுத்துச் சிறுநீரின் புளிப்பைக் காட்டுகிற பிஹெச் அளவை 6.5-க்கும் 7-க்கும் இடையில் நிறுத்திவைத்தால், சில வாரத்திலோ சில மாதத்திலோ அந்தக் கல் உண்மையாகவே கரைந்துபோகும். கரைவதும் கரையாததும் கல்லின் ஜாதியைப் பொறுத்தது. அதனால் எந்த இலை என்று தேடுவதற்கு முன்னால் எந்தக் கல் என்று தெரிய வேண்டும். பிஹெச் பார்க்கச் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே போதும். சாதா எக்ஸ்ரேயில் யூரிக் அமிலக் கல் தெரியாது, கால்சியம் கல் பெரும்பாலும் தெரியும். சிட்ரேட் மருந்தை யூராலஜி டாக்டர்தான் தர வேண்டும். வழக்கமாகத் தருவது பொட்டாசியம் சிட்ரேட் என்பதால், டெல்மிசார்ட்டன் சாப்பிடுவதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வலி நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு ஒரு ஆட்டோ ஓட்டுநர் நினைவுக்கு வந்தார். வியாசர்பாடிக்காரர். கல் வலி வந்து, எங்கோ கொடுத்த சூரணத்தைப் பத்து நாள் சாப்பிட்டதும் வலி நின்றிருக்கிறது. குணமாகிவிட்டது என்று ஐந்து மாதம் அதையே சாப்பிட்டிருக்கிறார். என்னிடம் வந்தது வேறு எதற்கோ, மூட்டுவலிக்கு என்று ஞாபகம். பழைய கதையைச் சொன்னதும் ஸ்கேனுக்கு அனுப்பினேன். கல் சிறுநீர்க் குழாயிலேயே அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. மேலே சிறுநீரகம் தண்ணீர்ப் பை மாதிரி வீங்கி, சதை மெலிந்து தாள் மாதிரி ஆகியிருந்தது. ஐந்து மாதமும் அவருக்கு வலியே இல்லை. அடைப்பு நீடித்தால் அந்தப் பக்கச் சிறுநீரகம் மெல்ல மெல்லச் சுரப்பதையே குறைத்துக்கொள்ளும். அழுத்தம் குறையும், வலியும் போய்விடும். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நிமிடத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து கல்லுக்கு மருந்து கேட்டு யார் வந்தாலும் ஸ்கேன் பார்க்காமல் பொட்டலம் மடித்ததில்லை.

உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. கீழ்க்கிண்ணத்தில் சும்மா கிடக்கிற 6 மி.மீ. கல் அப்படித் துடிக்கவைப்பது வழக்கம் இல்லை. அந்த மாதிரி வலி, கல் குழாயில் இறங்கி மாட்டும்போதுதான் வரும். அன்று ராத்திரி வேறொரு சின்னக் கல் இறங்கியிருக்கலாம். அது வெளியே வந்ததா, நடுக்குழாயில் நிற்கிறதா? சாதா ஸ்கேனில் நடுக்குழாய் சரியாகத் தெரியாது. மூன்று மாதம் வரை காத்திருக்காமல், குறைந்த கதிரளவில், மருந்து ஏற்றாத சி.டி. ஒன்று எடுக்கலாமா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள். இடையில் குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, வாந்தி ஓயாமல் வந்தாலோ, எந்த நேரமானாலும் பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அடைப்போடு காய்ச்சல் சேர்ந்தால் அது உயிர் விஷயம்.

ரணகள்ளியை இன்றோடு நிறுத்துங்கள். அந்த இலையில் இதயத்தைத் தாக்குகிற புஃபாடையீனோலைடு என்ற வகைப் பொருள்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் அந்தச் செடி வகையை மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. ஒரு இலை தின்றதால் ஒன்றும் ஆகாமல் போகலாம். பிரஷர்காரருக்குத் தினமும் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

‘பச்சிலைதானே, என்ன செய்யும்’ என்ற எண்ணம் வேண்டாம். ஈரானில் ஆரோக்கியமான ஒரு இளைஞர், கல் வராமல் இருக்க நெருஞ்சில் தண்ணீரை இரண்டு நாள் குடித்து, வலிப்பும் சிறுநீரகப் பாதிப்புமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாக 2010-ல் பதிவாகியிருக்கிறது. கேரளத்தில் இரும்பன்புளிச் சாறு குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 2013-ல் வெளியானது. அதில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டிவந்தது. எல்லோரும் மீண்டுவிட்டார்கள் என்பது ஆறுதல். அந்தக் காயில் இருந்த ஆக்சலேட்டே சிறுநீரகத்தில் போய்ப் படிந்திருந்தது.

வாங்கிய பொடியில் எந்த நெருஞ்சில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முழுசாக இருந்தால் நானே பார்த்துச் சொல்லிவிடுவேன். சிறுநெருஞ்சில் காய் ஐந்து துண்டாகப் பிளக்கும், துண்டுக்குத் துண்டு முள் நிற்கும். யானைநெருஞ்சில் காய் பிளக்காது, நான்கு மூலையில் முள் இருக்கும். அதன் பச்சைக் கிளையைத் தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றினால் தண்ணீர் விளக்கெண்ணெய் மாதிரிக் குழகுழவென்று ஆகிவிடும். இடித்துப் பொடியாக்கிவிட்டால் இந்த அடையாளம் எல்லாம் போச்சு. சரக்கை முழுசாக வாங்கி, தெரிந்தவரிடம் காட்டி, வீட்டில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்வதுதான் சரி. இன்னொன்று, குடிநீருக்குச் சித்த மருத்துவத்தில் ஆயுள் 3 மணி நேரம்தான். ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாள் கொடுக்கிறவர்களைப் பார்க்கிறேன், அது கூடாது.

பரிசோதனைகள் நல்லபடியாக வந்து, அடைப்பும் இல்லை என்று தெரிந்த பிறகு மருந்து எடுக்க ஆசைப்பட்டால், தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ, அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கோ எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். நண்டுக்கல் பற்பம் போன்ற மருந்துகளை அங்கே கேட்காமல் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். எந்த மருந்தானாலும் நான்கு வாரம், அப்புறம் மறுபடி ஸ்கேன். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டருக்கும் இது தெரிந்திருக்கட்டும். ஆபரேஷன் என்று பயப்படுகிற அளவுக்கு 6 மி.மீ. கல்லில் ஒன்றும் இல்லை. கல் வளர்ந்தாலோ அடைத்தாலோ அதிர்வலையோ, மூத்திரப் பாதை வழியாகவே கருவி செலுத்திச் செய்கிற லேசர் முறையோ போதும். வயிற்றைக் கிழிக்கிற வேலை இதற்கு இல்லை.

தண்ணீர் விஷயத்தை எல்லோரும் சொல்வதால் யாரும் காதில் வாங்குவதில்லை. இத்தாலியில் முதல் தடவை கல் வந்த 199 பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்து 1996-ல் வெளியிட்டார்கள். தண்ணீர் நிறையக் குடித்த 99 பேரில் 12 பேருக்குக் கல் திரும்ப வந்தது. வழக்கம்போல் இருந்த 100 பேரில் 27 பேருக்கு. எனக்குத் தெரிந்து எந்த மூலிகைக்கும் இப்படி ஐந்து வருடக் கணக்கு இல்லை. எத்தனை டம்ளர் குடித்தார் என்பதைவிட எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் முக்கியம். பட்டறைச் சூட்டில் பாதி வியர்வையாகப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மறுநாள் காலை வரை சிறுநீரை ஒரு கேனில் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டரை லிட்டர் தேறினால் நல்லது. வேலைநாளில் மூத்திரம் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது, அதுதான் கல்லுக்குக் காரணம் என்று பயந்து குறைவாகக் குடிப்பதுதான் உண்மையான ஆபத்து. கூடவே சிறுநீரை டீ வடிகட்டியில் வடிக்கச் சொல்லுங்கள். கல் கிடைத்தால் அதுதான் தங்கம், லேபில் கொடுத்தால் ஜாதி தெரிந்துவிடும்.

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் கல்லுக்கு உரம் மாதிரி. கால்சியம் கல் என்பதால் பால், தயிரை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அது தப்பு. சோற்றோடு சேரும் மோரின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். 120 ஆண்களை ஐந்து வருடம் பார்த்து 2002-ல் வந்த ஆய்வில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்பியது. கால்சியத்தை வழக்கம்போல் வைத்து உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். பாலக்கீரை, முந்திரி, பாதாம் குறையட்டும். தக்காளி விதைக்குப் பயப்பட வேண்டாம், அதில் ஆக்சலேட் கொஞ்சம்தான்.

உங்கள் மாமியாரிடம் ஜூஸ் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், புரிகிறது. நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் சரியாக இருந்தால், வாரத்துக்கு இரண்டு நாள் அவர் கையால் வாழைத்தண்டுப் பொரியல் செய்து தரட்டும், உப்பு மட்டும் பாதியாக. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இரண்டு எண்ணையும், சி.டி. எடுத்தால் அதில் உள்ளதையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சிறுபீளை பற்றிப் பேசுவோம்.